கல் பால் ஆன கதை

நாலு பேர் நாலு போனில் ஒரே ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் தட்டுகிறார்கள். ஒருவர் மன்னார்குடி பஸ்ஸில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் வரப்பில். எல்லாம் முடிந்த பிறகு நாலு திரையிலும் ஒரே வாசகம் நிற்கிறது. இதை இப்போது யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நிற்காமல் போகிற அன்றைக்குத்தான் "என்ன தம்பி இது?" என்று போன் வரும். எங்கள் ஊரில் அந்தப் போன் எனக்கு வரும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் ஆதார் திருத்தத்திலிருந்து பிரிண்டர் மை வரை நம் தலையில்தான்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே எங்கள் ஊர். விவசாயிகள் சிலர் சேர்ந்து இரண்டு விஷயங்களைப் பகிர்ந்த ஆவணமாக வைத்திருக்கிறோம். ஒன்று, மனுக்கள்: வாய்க்கால் தூர்வாரச் சொல்லி, கொள்முதல் நிலையத்தைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி, மழையில் நனைந்த நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி. இன்னொன்று, தை மாசியில் அறுவடை மெஷின் யார் வயலில் எப்போது இறங்கும் என்கிற முறைப் பட்டியல். மனுவில் வருகிற சிக்கல் ஒரு ரகம், பட்டியலில் வருகிறது வேறு ரகம். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து ஒரே மாதிரி பகிர்ந்துகொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது.

மனுவை முதலில் பார்ப்போம். "நல் மூட்டைகள் திறந்தவெளியில் கிடக்கின்றன" என்று அவசரத்தில் யாரோ அடித்திருந்தார்கள். நெல், நல் ஆகிவிட்டது. அதைப் பார்த்த இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்தினார்கள். இரண்டு பேருமே மடிக்கணினிக்காரர்கள். ந-வுக்குப் பிறகு ஒற்றைக்கொம்பை மட்டும் சேர்த்தார்கள். (திரையில் கொம்பு ந-வுக்கு முன்னால் தெரிந்தாலும் கணினிக்குள் ந முதலில், கொம்பு பிறகு.) வந்து நின்றது "நெெல்". இரண்டாவது கொம்புக்கு ஒட்டிக்கொள்ள எழுத்துக் கிடைக்கவில்லை. புள்ளி வட்டம் ஒன்றை இழுத்துக்கொண்டு நின்றது. போனில் திருத்தியிருந்தால் இன்னும் வேடிக்கை. விசைப்பலகை காட்டும் பரிந்துரையைத் தொட்டால் அது முழுச் சொல்லையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். இரண்டு பேர் தொட்டால் "நெல்நெல்".

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஒரே எழுத்தை இரண்டு பேர் அழித்தால் அது ஒரு தடவைதான் அழியும், போனது போனதுதான். ஒரே எழுத்தை இரண்டு பேர் சேர்த்தால் இரண்டு தடவை சேரும். இருவர் மனதிலும் இருந்தது ஒரே திருத்தம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிவதெல்லாம் இரண்டு பேரிடமிருந்து இரண்டு கொம்பு வந்தது என்பதே. ஒன்றைத் தூக்கிப் போட்டால் யாரோ ஒருவர் எழுதியதைத் தின்றுவிட்டதாகப் பழி வரும். அதனால் இரண்டையும் வைக்கிறது. எல்லாத் திரையிலும் வைக்கிறது. தனக்குக் கொடுத்த வேலையை அது சுத்தமாகச் செய்துவிட்டது.

அந்த வேலை சுலபமானது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே திரையை இரண்டு பேர் தூரத்திலிருந்து பகிர்ந்து வேலை செய்வதை டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர் 1968 டிசம்பரிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையில் செய்துகாட்டினார். ஆனால் ஆளுக்கு ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுவது வேறு கணக்கு. பூட்டு போடலாம்: நான் இந்தப் பத்தியைத் திருத்தி முடிக்கும்வரை நீ தொடாதே. ஒரே ஆபீசுக்குள் இது ஓடும். பூட்டிய ஆளுக்கு டவர் போய்விட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பூட்டே வேண்டாம் என்று 1989-இல் ஒரு வழி சொன்னவர்கள் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். (எல்லிஸ், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.) அவர்கள் யோசனை இப்படி: மனுவின் 2-ஆம் வரிக்கு மேலே நான் ஒரு வரி சேர்க்கிறேன். அதே நொடியில் சித்தப்பா 5-ஆம் வரியை அழிக்கிறார். அவருடைய கட்டளை என் போனுக்கு வந்து சேரும்போது இங்கே ஏற்கெனவே ஒரு வரி கூடியிருக்கிறது; அவர் சொல்கிற 5 இங்கே 6. வந்தபடியே நிறைவேற்றினால் நல்ல வரி ஒன்று காலி. ஆகவே வந்த கட்டளையை, அதற்குள் இங்கே நடந்திருப்பதற்கு ஏற்ப, மாற்றி எழுதிக்கொண்டு நிறைவேற்ற வேண்டும். ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று பெரிய பெயர். உள்ளே இருப்பது இந்த ஐந்தை ஆறாக்கும் வேலைதான்.

கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த எளிமை பெரிய பெரிய ஆட்களைக் கவிழ்த்திருக்கிறது. 1989-இல் வந்த அந்த முதல் வழிமுறையே, ஒருவர் இரண்டு மாற்றம் செய்யும் நேரத்தில் இன்னொருவர் ஒரு மாற்றம் செய்தால் சில வரிசைகளில் பிசகி, இரண்டு திரையில் இரண்டு வாசகம் நிற்கும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். பிசகாமல் இருக்க என்ன நிபந்தனைகள் வேண்டும் என்று 1990-களில் எழுதி வைத்தார்கள். அந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவதாகச் சொல்லி அடுத்தடுத்து வழிமுறைகள் வந்தன. 2003-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு அவற்றில் சிலவற்றைத் தேற்றம் நிரூபிக்கும் மென்பொருளில் போட்டு ஓட்டிப் பார்த்தது. சரியானவை என்று ஆய்வுக் கட்டுரைகளில் அச்சாகியிருந்தவற்றிலேயே ஓட்டை இருந்தது. மனிதர்கள் தாளில் போட்ட நிரூபணங்கள் அவை. மூன்று பேர், மூன்று மாற்றம், எந்த வரிசையிலும் வந்து சேரலாம் என்றாலே தலை சுற்றிவிடும்.

நடைமுறையில் தப்பித்தவர்கள் நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்துத் தப்பித்தார்கள். 1995-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்திலிருந்து வந்த ஜூபிட்டர் என்ற அமைப்பில் ஒவ்வொரு கணினியும் நடுவிலுள்ள சர்வரோடு மட்டுமே பேசும். சர்வர் சொல்வதுதான் வரிசை. எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் இரண்டு பேருக்கு நடுவில் என்று ஆகிவிட்டதால் கணக்கு வெகுவாக எளிதானது. 2009-இல் வந்து சீக்கிரமே நின்றுபோன கூகுள் வேவ் என்ற கூட்டாக எழுதும் கருவி இந்த வழியில் கட்டப்பட்டதுதான். 2010-இல் புதுப்பிக்கப்பட்ட கூகுள் டாக்ஸும் மாற்றி எழுதும் முறையில்தான் ஓடியது.

சர்வர் இல்லாமல் முடியாதா என்று கேட்டவர்கள் "இத்தனையாவது" என்ற இலக்கத்தையே கைவிட்டார்கள். எங்கள் பக்கம் இது சட்டென்று புரியும். "மடையிலிருந்து மூணாவது வயல்" என்று ஒரு வயலைச் சொன்னால், நடுவில் அண்ணன் தம்பி பாகம் பிரித்து ஒரு வயல் இரண்டானதும் மூணாவது நாலாவது ஆகிவிடும். சர்வே எண் 112/3 என்று சொன்னால் பக்கத்தில் யார் பிரித்தாலும் அது 112/3-தான். அதையே பிரித்தால் 112/3ஏ, 112/3பி. ஏ-வைப் பிரித்தால் ஏ1, ஏ2. இரண்டு எண்ணுக்கு நடுவில் எப்போதும் இடம் உண்டாக்கிக்கொள்ளலாம். எழுத்துக்கும் அப்படியே: பிறக்கும்போதே ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்று. "5-ஆவது எழுத்துக்குப் பிறகு" என்ற பேச்சு கிடையாது. "இந்த அடையாளமுள்ள எழுத்துக்குப் பிறகு" என்பதுதான் கட்டளை. கட்டளை எந்த வரிசையில் வந்தாலும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். 2006-இல் வூட், 2009-இல் ட்ரீடாக், லோகூட் என்று இந்தக் குடும்பம் வளர்ந்தது. 2011-இல் மார்க் ஷாபிரோவும் கூட்டாளிகளும் சிஆர்டிடி (முரண்படாமல் தானே ஒன்றுசேரும் பிரதிகள் என்று பொருள்) என்று பொதுப்பெயர் வைத்தார்கள். இன்று இணையத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கிடைக்கும் ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் என்ற மென்பொருள் தொகுப்புகள் இரண்டும் இந்த வழி.

இதற்கும் விலை உண்டு. இந்தக் குடும்பத்தின் பல வழிமுறைகளில் அழித்த எழுத்து போய்விடாது. அதன் அடையாளம் ஒரு நடுகல் மாதிரி உள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "அதற்குப் பிறகு" என்று சொல்லிக்கொண்டு தாமதமாக வரும் கட்டளைக்கு இடம் தெரியாது. இன்னொரு கோளாறு 2019-இல்தான் விரிவாக எழுதப்பட்டது. டவர் இல்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் ஆளுக்கு ஒரு சொல் எழுதினால், இந்தக் குடும்பத்தின் சில வழிமுறைகளில் இரண்டு சொல்லின் எழுத்துகளும் பின்னிக்கொள்ளலாம். ஒருவர் "வறட்சி" என்றும் இன்னொருவர் "வெள்ளம்" என்றும் எழுதி, வந்து சேர்வது இரண்டுமில்லாத எழுத்துக் குப்பை. (டெல்டாவில் ஒரே வருஷத்து மனுவில் இரண்டும் வருவது சகஜம்தான், பின்னிக்கொண்டு வராது.) 2023-இல் வந்த ஃப்யூக் போன்றவை இந்தப் பின்னலைக் கிட்டத்தட்ட அவிழ்த்துவிட்டன.

இத்தனை வருஷ மூளை உழைப்பும் எதற்கு உத்தரவாதம் தருகிறது? ஒரே மாற்றங்களைப் பெற்ற எல்லோரும் ஒரே வாசகத்தைப் பார்ப்பார்கள் என்பதற்கு. அந்த வாசகம் சரியான வாசகம் என்பதற்கு இல்லை. தமிழில் இந்த இடைவெளி ஆங்கிலத்தைவிடப் பளிச்சென்று தெரியும். ஒரு நாள் சாவகாசமாக இரண்டு ஜன்னல் திறந்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு, "கல்" என்று எழுதியிருந்த இடத்தில் விளையாடிப் பார்த்தேன். ஒரு ஜன்னலில் க-வை அழித்து ப போட்டேன்: பல். இன்னொன்றில் க-வுக்குத் துணைக்கால் சேர்த்தேன்: கால். இணையத்தை மீண்டும் கொடுத்தால் இரண்டு ஜன்னலிலும் வந்து உட்கார்ந்தது "பால்". பல் என்று எழுதியவரும் இல்லை என்பார், கால் என்று எழுதியவரும் இல்லை என்பார். எழுத்துப்பிழை திருத்தியும் வாய் திறக்காது, பால் நல்ல தமிழ்ச் சொல்லாயிற்றே.

இது அதிர்ஷ்டத்தில் வந்த பால் என்பதையும் சொல்ல வேண்டும். க அழிந்த பிறகு, பல கருவிகளில் ப-வும் துணைக்காலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. யார் முன்னால் என்பதை வழிமுறை ஏதோ ஒரு விதிப்படி, பெரும்பாலும் பயனரின் உள் எண்ணைப் பார்த்து, முடிவு செய்யும். விதி எல்லாப் போனிலும் ஒன்றாக இருந்தால் போதும். நியாயமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றப் பக்கம் விழுந்திருந்தால் துணைக்கால் முதலில் அநாதையாக நின்று, பின்னால் "பல்" வந்திருக்கும்.

இதெல்லாம் எதனால் என்றால், நமக்கு ஒரு எழுத்தாகத் தெரிவது கணினிக்கு ஒன்றல்ல. கா என்பது நமக்கு ஓரெழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் க, துணைக்கால் என இரண்டு குறி. கொ இன்னும் மோசம்: அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு போன் ஒன்றாகவும் இன்னொன்று இரண்டாகவும் எண்ணினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இலக்கமும் நழுவும். நிரல் எழுதும் மொழியும் கணக்கைக் கெடுக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும், எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி அதையே 1 என்று எண்ணும். சர்வர் பைட்டை எண்ணி, உலாவி தன் கணக்கில் எண்ணினால் ஆங்கிலத்தில் சோதித்தவரைக்கும் இரண்டும் ஒத்துப்போகும். முதல் தமிழ்ச் சொல்லில் உடையும். தமிழுக்குச் சரிசெய்துவிட்டோம் என்று நிமிர்ந்தால் யாராவது கும்பிடும் கை எமோஜி போடுவார். அது ஜாவாஸ்கிரிப்டுக்கு 2. எங்கள் மனுக் குழுவில் எமோஜி இல்லாத வரி அபூர்வம்.

திருத்தும் கருவிகள் குறியை விட்டுவிட்டு, முழு எழுத்தை, அதாவது க-வும் காலும் சேர்ந்த கா-வை, ஒரே அலகாக எடுத்துக்கொண்டால் தமிழில் பாதி அசிங்கம் குறையும் என்பது என் கட்சி. கல்லும் அப்போது பால் ஆகாது. "பகால்" என்றோ "காபல்" என்றோ அப்பட்டமான தப்பாக நிற்கும். அப்பட்டமான தப்பு கண்ணில் பட்டுவிடும். நான் அதைத்தான் விரும்புவேன்.

எப்படியானாலும் மனுவில் இந்தத் தொந்தரவுகள் சிறியவை. கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோவதற்கு முன் யாராவது ஒருவர் கடைசியாக ஒரு முறை படிப்பார். மனிதக் கண் பட்டால் "நெெல்" தப்பாது.

முறைப் பட்டியல் அப்படியில்லை. அங்கே தப்பு தப்பாகவே தெரியாது. தேதி ஒரு பக்கம், காலை மாலை ஒரு பக்கம், கட்டத்துக்குள் பெயர். போன வருஷம் சித்தப்பா கேட்டார்:

"தம்பி, பத்தொம்பதாந்தேதி காலைக்கு என் பேரப் போட்டேனே, இப்ப வேற யாரு பேரோ நிக்குது?"

"போடும்போது டவர் இருந்துச்சா சித்தப்பா?"

"வயல்ல ஏதுப்பா டவரு. வீட்டுக்கு வந்தப்புறம் டிக்கு காட்டுச்சே."

டிக் பொய் சொல்லவில்லை. அவர் மாற்றம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே இன்னொரு மாற்றமும் இருந்தது. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் நிற்கும் என்றால், இரண்டு வந்தால் ஒன்று போக வேண்டும். பெரும்பாலான கருவிகள் "கடைசியாக வந்தது நிற்கும்" என்று வைத்திருக்கின்றன. கடைசி என்றால் எது? வயலில் காலை ஆறுக்குப் போட்டதா, வீட்டு வைஃபையில் பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? போன் கடிகாரத்தை நம்ப முடியாது. லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிவியலாளர் 1978-இலேயே கடிகாரத்தை விட்டுவிட்டு, யார் யாருடைய செய்தியைப் பார்த்த பிறகு எழுதினார்கள் என்று எண்ணி வரிசை போடும் வழியைச் சொல்லிவிட்டார். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காமலே எழுதிய இரண்டு பேருக்கு நடுவில் அந்த வரிசையும் பேருக்குத்தான். மெஷின் மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும்போது, கதிர் சாய்ந்து கிடக்கும்போது, பேருக்குப் போட்ட வரிசையைச் சித்தப்பாவிடம் விளக்க முடியாது.

இங்கே எந்த வழிமுறையும் உதவாது என்பதுதான் விஷயம். "ஒரு நேரத்துக்கு ஒரு வயல்" என்கிற கட்டுப்பாட்டை, யாரையும் கேட்காமல் ஆளாளுக்குத் தனியாக எழுதிக்கொண்டு காப்பாற்ற முடியாது. எங்காவது ஒரு இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாசகத்தைப் பகிர்ந்து எழுதலாம்; முறையைப் பகிர்ந்து எழுதக் கூடாது.

ஆகவே தாளைப் பிரித்தோம். ஒரு பக்கத்தில் அவரவர் தன் வேண்டுகோளைப் புது வரியாக எழுதுவது: எத்தனை மா நிலம், எந்த வயல், ஈரம் இருக்கிறதா, பெல்ட் வண்டியா டயர் வண்டியா. புது வரி சேர்ப்பதில் சண்டையே வராது. இரண்டு பேர் சேர்த்தால் இரண்டு வரி, அதுதான் வேண்டியதும். தேதி ஒதுக்கும் பத்தியை மெஷின் புரோக்கர் ஒருவர் மட்டும் நிரப்புவார். வெளி மாவட்டத்திலிருந்து வண்டி எப்போது வந்து சேரும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஜூபிட்டர் செய்ததைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம், சர்வருக்குப் பதில் ஒரு ஆள்.

வரியை நகர்த்துவது பாக்கி இருந்தது. மழை பெய்தால் பட்டியல் தலைகீழாகும். காயாத வயலைத் தள்ளிவிட்டு அடுத்ததை முன்னால் இழுக்க வேண்டும். பல கருவிகளில் நகர்த்துவது என்பது உள்ளே அழித்துவிட்டு வேறு இடத்தில் சேர்ப்பதுதான். மேலே சொன்ன அதே கதை: இரண்டு பேர் ஒரே வரியை நகர்த்தினால் அழிப்பது ஒரு முறை, சேர்ப்பது இரண்டு முறை. ஒரே வயல் பட்டியலில் இரண்டு இடத்தில் நிற்கும். அதற்காக வரியை நகர்த்தாமல், வரிசை எண் என்று ஒரு பத்தி வைத்து, 3-க்கும் 4-க்கும் நடுவில் வர வேண்டியவருக்கு 3.5 என்று போடுகிறோம். ஃபிக்மா என்ற வரைகலை மென்பொருளும் அடுக்குகளின் வரிசைக்கு இதே மாதிரி பின்ன எண்களைத்தான் பயன்படுத்துகிறது, அவர்களே விளக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை.

இரண்டு பேர் 3.5 கேட்டால் புரோக்கர் வயலைப் பார்க்கிறார். ரோட்டோரத்து வயலை அறுக்காமல் உள்வயலுக்கு வண்டி இறங்க முடியாது, இறங்கினால் நிற்கிற கதிர் போய்விடும். அதனால் எது முன், எது பின் என்பது பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடுகிறது. இந்த வருஷம் "யார் வயல் வழியாக" என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறேன். அதையும் அவர் ஒருவர்தான் நிரப்புகிறார்.